பூட்டிய பஸ்ஸுக்குள் ஒரு விரல்

"என் ஜெனரேட்டரை யாரோ தினமும் கொல்றாங்க" என்றாள் டொரீன்.

நான் வாணலியில் முட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மேக்சின் குறுக்கெழுத்துப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கொலை என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு முழங்கால் வலி பறந்துவிடும்.

"ஒருத்தரை ஒரு தடவைதான் கொல்ல முடியும், டொரீன். தினமும்னா அதுக்குப் பேரு கல்யாணம்" என்றேன்.

"வெர்னன், முட்டை கருகுது. நீ சொல்லு டொரீன்" என்றாள் மேக்சின்.

மேக்சின் டாலிவர் ஓமஹாவில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள். எரிந்த கொட்டகையின் சாம்பலைக் கிளறியே, உள்ளே மாடு இருந்ததா, இல்லை மாடு நேற்றே சந்தைக்குப் போய்விட்டதா என்று சொல்லிவிடுவாளாம். நான் மெத்தை விற்றவன். படுத்துக்கொண்டே செய்யலாம் என்று நம்பிச் சேர்ந்து, கடைசி வரை நின்றுகொண்டே விற்றேன். எங்களுக்குள் வேறு எதுவும் இல்லை. அவள் வண்டியும் என் வண்டியும் இந்த அரிசோனாப் பாலைவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அவளுக்குச் சமைக்கத் தெரியாது, எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

குளிர்காலம் முழுக்க இங்கே எங்களைப் போல வடக்குப் பனிக்குப் பயந்து ஓடிவந்த கிழடுகள்தான். வீடே வண்டி. கரண்ட் கம்பம் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது, மருமகள் கிடையாது. மின்சாரம் வேண்டுமென்றால் அவரவர் ஜெனரேட்டரை அவரவர் ஓட்டிக்கொள்ள வேண்டும்.

டொரீன் பேச ஆரம்பித்தாள். "மூணு மணிக்கு ஓட விடறேன். பேட்டரி ஏறணும், அடுப்புல இறைச்சி வேகணும். நாலு மணிக்குப் பஸ்ஸைப் பூட்டிட்டு எல்லார் கூடவும் நாற்காலி வட்டத்துல வந்து உக்கார்றேன். கொஞ்ச நேரத்துல பொசுக்குனு நின்னு போயிடுது. ஒரு வாரமா இதே கதை. ஆளாளுக்குப் பிரிச்சுப் பார்த்து ஓட விடறதுக்குள்ள இருட்டிடுது, பேட்டரி ஏறாம ராத்திரி ஹீட்டர் விசிறி நின்னுடுது. நேத்து ரெண்டு கோட்டைப் போட்டுக்கிட்டுப் படுத்தேன்."

"இவ்வளவு நாள் பொறுத்துட்டு இன்னிக்கு ஏன் வந்தே?" என்றாள் மேக்சின்.

டொரீன் கையில் இருந்த துணிப் பையை மேசை மேல் வைத்தாள். பெரிய பெண்மணி, மினசோட்டாவிலிருந்து அந்தப் பஸ்ஸைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிறவள். பையின் காதை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டே பேசினாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் கர்டிஸ் வர்றான். என் மகன். இந்த வயசுல பஸ்ல தனியா என்ன வாழ்க்கைங்கிறான். அவன் வீட்டுப் பக்கத்துல ஒரு முதியோர் இல்லத்துல ரூம் பார்த்து வெச்சிருக்கான். ஜன்னலைத் திறந்தா கார் நிறுத்தற இடம். நான் ஃபோன்ல வாயை விட்டுட்டேன் மேக்சின். நீ வந்து பாரு, என் பஸ்ல ஒரே ஒரு குறை கண்டுபிடி, அன்னிக்கே உன் கூடக் கிளம்பறேன்னு சொல்லிட்டேன்."

"சொன்னா சொன்னதா?"

"நான் எப்போ சொன்ன சொல்லு மாறியிருக்கேன்?"

அதுதான் சங்கடம். டொரீன் மாற மாட்டாள். ஒருமுறை பந்தயத்தில் தோற்று, எழுபது வயதுக்கு மேல், தலைமுடிக்குப் பச்சைச் சாயம் அடித்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தவள்.

"கூலி கொண்டு வந்திருக்கேன்" என்று பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து வைத்தாள். மேசை அதிர்ந்தது.

நான் மரியாதைக்கு ஒரு துண்டு வெட்டிக் கடித்தேன். என் கடைவாய்ப் பல்லுக்கு டாக்டர் மாட்டிய தொப்பி கழன்று நாக்கில் விழுந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் டொரீன்.

"வீடு கட்டலாம்" என்றேன்.

போன வாரம் வரைக்கும் இவள் ரொட்டி பஞ்சு மாதிரி இருக்கும். அதற்காகவே வட்டத்தில் அவள் பக்கத்து நாற்காலிக்குச் சண்டை நடக்கும். மேக்சின் அந்தத் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பசி என்று நினைத்தேன்.

*

டொரீனின் பஸ் ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது. அவள் கணவர் பெர்ட் இருக்கைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அடுப்பு, அலமாரி, கட்டில் எல்லாம் தன் கையால் செய்து, நீலச் சாயம் அடித்தார். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவர் போய்விட்டார். பஸ் இருக்கிறது.

பஸ்ஸின் பின்பக்கம், கட்டிலுக்கு நேர் கீழே, ஒரு தகரக் கதவுக்குள் ஜெனரேட்டர். டொரீன் அந்தக் கதவைத் திறந்ததுதான் தாமதம், நாலா பக்கத்திலிருந்தும் காபிக் குவளையோடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். இந்தப் பாலைவனத்தில் அப்படித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்கூடக் கொஞ்சம் தாமதமாக வருவார்கள். ஜெனரேட்டர் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் செருப்புகூடப் போடாமல் வருவார்கள். நான் இவர்களுக்குக் குவளைச் சங்கம் என்று பேர் வைத்திருக்கிறேன். தலைவர் மெல்வின், தொப்பையும் சட்டைப் பையில் ஸ்குரூடிரைவருமாக முன்னால் வந்தார்.

"கார்புரேட்டர்தான்" என்றார். "முதல் நாளே நான் ஊதி விட்டேன். உடனே ஓடுச்சு."

"அப்படின்னா மறுநாள் ஏன் நின்னுச்சு? பிளக்குய்யா, பிளக்கு! நான் மாத்தினேன், ஓடுச்சு" என்றார் ஒரு தாடிக்காரர்.

"பெட்ரோல் வடிகட்டியை நான் மாத்தினப்புறம்தான் ஓடுச்சு" என்றார் மூன்றாமவர்.

"நேத்து நான் சுத்தியால ரெண்டு தட்டு தட்டி, செத்துப்போன என் நாயை நினைச்சு வேண்டிக்கிட்டேன்" என்றார் நான்காமவர். "அதுக்கும் ஓடுச்சு."

"எல்லா வியாதியும் இருக்கு, எல்லா மருந்தும் கேக்குது. இப்படி ஒரு நோயாளி கிடைச்சா எங்க டாக்டர் படகு வாங்கிடுவார்" என்றேன்.

மேக்சின் சிரிக்கவில்லை. "நிக்கிறப்போ உடனே திரும்ப ஓட்டிப் பார்த்தீங்களா?"

"பார்க்காம? நின்ன உடனே எவ்வளவு அமுக்கினாலும் வராது. நாங்க வேலையை முடிச்சுக் கதவை மூடி அமுக்கினா வந்துடும்" என்றார் மெல்வின். சொல்லிக்கொண்டே கதவை மூடினார். அந்தக் கதவு சாதாரணமாக மூடாது. இரண்டு கையாலும் ஓங்கி அறைய வேண்டும். பஸ்ஸே ஒரு குலுங்கு குலுங்கியது. உள்ளே ஒரு தட்டு விழுந்தது.

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?" என்றாள் மேக்சின்.

"முக்கால் டேங்க். பஸ்ஸும் அதுவும் ஒரே டேங்க்லேர்ந்துதான் குடிக்குது" என்றாள் டொரீன். "கால் டேங்குக்குக் கீழ போனா, ஊருக்குப் போறதுக்கு மிச்சம் வெச்சுட்டு ஜெனரேட்டருக்குக் குடுக்காது. அதெல்லாம் எனக்குத் தெரியாதா? எண்ணெய் இருக்கு, பஸ் சமமா நிக்குது. காலையில எழுந்து முதல் வேலையா அதைத்தான் பார்க்கறேன்."

"அப்போ ஒண்ணே ஒண்ணு சொல்லு. நின்னப்புறம் சுவிட்சுல இருக்கற சின்ன விளக்கு சிமிட்டுச்சா?"

டொரீன் யோசித்தாள். சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"இல்லையே" என்றாள் டொரீன். "ஒரு நாளும் சிமிட்டலை."

மேக்சின் என் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனாள். அவள் கண்ணில் அந்தப் பழைய சாம்பல் கிளறும் களை வந்துவிட்டது.

"ஜெனரேட்டர் தானா மூச்சு முட்டி நின்னா விளக்கு சிமிட்டி அழும். யாராவது சுவிட்சை அமுக்கி நிறுத்தினாத்தான் சிமிட்டாது. அதுக்கு ஒரு வியாதியும் இல்லை வெர்னன். நில்லுன்னு யாரோ சொல்றாங்க, நிக்குது."

"யாரு?"

"அதைத்தான் பார்க்கணும். வெளியில இருக்கற சுவிட்சுல ஓட விட மட்டும்தான் முடியும், நிறுத்தற பக்கம் உடைஞ்சு கிடக்கு. நிறுத்தணும்னா உள்ள போகணும். பஸ்ஸோ பூட்டியிருக்கு."

பஸ்ஸுக்குள் போனோம். இவ்வளவு சுத்தமான பஸ்ஸை நான் பார்த்ததில்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் புது உறை. "முன்னாடி இது மேல கண்டதையும் வெச்சிருப்பேன். கர்டிஸ் பார்த்தா ஏதாவது சொல்வான்னு போன வாரம் எல்லாத்தையும் இடம் மாத்தி அடுக்கினேன்" என்றாள் டொரீன். அடுப்புப் பக்கம் போய் மாவு பிசைய ஆரம்பித்தாள். இன்னொரு செங்கல் தயாராகிறது என்று என் கடைவாய் எனக்குச் சொன்னது.

உள்ளே இரண்டு சுவிட்ச். ஒன்று ஓட்டுநர் பக்கம், ஒன்று கட்டில் தலைமாட்டில். தலைமாட்டு சுவிட்ச் சுவரில்கூட இல்லை. மேலே தொங்கும் அலமாரியின் அடிப்பக்கத்தில், கீழே பார்த்தபடி இருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு தட்டுப் பலகை, அதில் மடித்து வைத்த மின்கம்பளி.

"யார் இப்படித் தலைகீழா மாட்டினது?" என்றேன்.

"பெர்ட்டுதான்" என்றாள் டொரீன். பிசைந்த கை ஒரு நொடி நின்றது. "சாப்பிட்டுப் படுத்ததும் விரலை மட்டும் மேல தூக்கி அமுக்குவார். போதும்டி இந்த இரைச்சல்னு சொல்லிட்டுக் கண்ணை மூடிடுவார்."

மேக்சின் படுக்கையில் மல்லாந்து படுத்து விரலை நீட்டிப் பார்த்தாள். சுவிட்சில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தாள்.

"தூசி" என்றேன்.

"இவ்வளவு சுத்தமான பஸ்லயா?" என்றாள் மேக்சின். எழுந்துகொண்டே, "இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு டொரீன்?" என்று கேட்டாள்.

டொரீன் முகம் சுருங்கியது. "ஹார்லன்கிட்ட."

*

ஹார்லன் எங்கள் பாலைவனத்தின் காவல்காரர். யாரும் நியமிக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். வண்டி முழுக்க வெயிலில் மின்சாரம் எடுக்கும் சூரியத் தகடு மாட்டியவர். ஜெனரேட்டர் சத்தம் கேட்டாலே பல்லைக் கடிப்பார். டொரீன் பஸ்ஸுக்குப் பக்கத்து வண்டி அவருடையதுதான். வாசலில் 'அமைதி' என்று எழுதிய பலகை. அதைப் பார்த்துவிட்டு நாயே குரைக்காமல் போகும். அவரிடம் சாவி கொடுத்திருந்ததற்குக் காரணம், இங்கே பக்கத்து வண்டிக்காரரிடம் சாவி கொடுத்து வைப்பது வழக்கம். பேசாதவரிடமும் கொடுப்போம்.

"நான்தான் நிறுத்தறேன்னு சொல்ல வந்தீங்களா?" என்று கதவைத் திறக்கும்போதே கேட்டார்.

"பாஸ், ஒத்துக்கிட்டார். விலங்கு கொண்டு வரட்டுமா?" என்றேன்.

"இந்த ஆள் வாயை மூட மாட்டானா?"

"அதுக்கு சுவிட்ச் இல்லை" என்றாள் மேக்சின். "சாவி எங்கே?"

ஆணியில் தொங்கியது. அதைச் சுற்றி ஒரு சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. வலை அறுபடவே இல்லை.

"நாலு மணிக்கு நான் எங்கே இருக்கேன்?" என்றார் ஹார்லன். "வட்டத்துல. தினமும். உன் எதிர் நாற்காலி. நான் எழுந்து போனா நீ பார்க்க மாட்டியா? எனக்கு அந்த இரைச்சல் பிடிக்காதுதான். நின்னா சந்தோஷம்தான். நான் பண்ணியிருந்தா வாசல்ல எழுதி ஒட்டியிருப்பேன். அதை விடுங்க, நீங்க துப்பறியறவங்கன்னா அந்த ரொட்டியைக் கொஞ்சம் விசாரிங்க. நல்லா இருந்த ரொட்டி. என் நாளுல அது ஒண்ணுதான் மெத்துனு இருக்கும். போன வாரத்துலேர்ந்து அதுவும் போச்சு."

திரும்பப் போய்க்கொண்டிருந்த மேக்சின் நின்றாள். "என்னிக்கிலேர்ந்து?"

"ஜெனரேட்டர் நிக்க ஆரம்பிச்சதே, அன்னிக்கிலேர்ந்து. அன்னிக்கு ரெண்டு நிகழ்ச்சி. காதுக்கு நிம்மதி, வாய்க்கு வேதனை."

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "பாஸ், சாவி இல்லை, சாட்சி இல்லை, சந்தேகப்பட ஆள் இல்லை. பேய்னு எழுதி மூடிடலாமா?"

மேக்சின் சட்டைப் பையிலிருந்து ரொட்டித் துண்டை எடுத்து என் நெற்றியில் தட்டினாள். வலித்தது.

"நாலு மணிக்கு நீ பஸ் படிக்கட்டுல உக்காரு. கதவுல முதுகைச் சாய்ச்சுக்கோ. ஈ நுழைஞ்சாலும் எனக்குச் சொல்லு" என்றாள்.

*

நாலு மணிக்கு வட்டம் கூடியது. அவரவர் நாற்காலி, அவரவர் குவளை. குவளைக்குள் இப்போது காபி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். டொரீன் பஸ்ஸைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நல்ல பூப்போட்ட சட்டை, உதட்டுச் சாயம். சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்வின், தாடிக்காரர், நாயை இழந்தவர், எல்லாரும் ஆஜர். ஹார்லன் நாற்காலியை எனக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

நான் படிக்கட்டில், கதவில் முதுகு சாய்த்து உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஜெனரேட்டர் குறட்டை விட்டது. உள்ளேயிருந்து இறைச்சி வேகும் வாசனை. இவ்வளவு சுகமான துப்பறியும் வேலையை நான் பார்த்ததில்லை. கண் சொக்கும் நேரத்தில் குறட்டை நின்றது.

ஒரு இருமல்கூட இல்லை. பொசுக்கென்று நின்றது.

சங்கத்தார் எழுந்து ஓடிவந்தார்கள். மேக்சின் மட்டும் நடந்து வந்தாள். "யாராவது உள்ள போனாங்களா?"

"ஒருத்தரும் இல்லை பாஸ். சத்தியமா இல்லை" என்றேன்.

"நல்லது. நான் நினைச்சது சரி" என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வெள்ளை வாடகைக் கார் வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு நெட்டையன் இறங்கினான். பாலம் கட்டும் இன்ஜினியர் கர்டிஸ். பஸ்ஸையும், திறந்த தகரக் கதவையும், குவளையோடு நின்ற கூட்டத்தையும் பார்த்தான்.

"என்னம்மா இது?"

டொரீன் எழுந்து நின்றாள். அந்த உதட்டுச் சாயத்துக்குப் பின்னால் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அதைப் பார்க்க நான் அங்கே இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"ஜெனரேட்டர் நின்னு போச்சு கர்டிஸ்" என்றாள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வாரமா."

கர்டிஸ் பெருமூச்சு விட்டான். கெட்ட பையன் இல்லை. அம்மாவின் தோளைத் தொட்டு, "நான் பார்க்கறேன். யாரும் கிட்ட வராதீங்க" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக் கொண்டான். மெல்வின் குவளையைக் கீழே வைத்து மரியாதை செய்தார். கர்டிஸ் உள்ளே தலையை விட்டான். சுவிட்சை அமுக்கினான், வரவில்லை. மறுபடியும் அமுக்கினான், வரவில்லை. ஒரு ஒயரை இழுத்துப் பார்த்தான். "இதோ! இது லூசா இருக்கு" என்றான். முறுக்கினான். கதவை ஓங்கி அறைந்தான். பஸ் குலுங்கியது. சுவிட்சை அமுக்கினான்.

ஓடியது.

சங்கம் கை தட்டியது. தாடிக்காரர் ஓடிப்போய் ஒரு குவளை கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்.

"ஒரே ஒரு லூஸ் ஒயர். ஒரு வாரமா அதைக் கண்டுபிடிக்கத் தெரியாம குளிர்ல கிடந்திருக்கீங்க. அம்மா, உங்க மேல தப்பு சொல்லலை. இது உங்களால முடியற வேலை இல்லை. நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றான் கர்டிஸ்.

"இருக்கு" என்றாள் டொரீன். கழுத்திலிருந்த பஸ் சாவியைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"அந்தச் சாவியை இப்படிக் குடு" என்று மேக்சின் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். "தம்பி, அந்த ஒயரை நல்லா முறுக்கியாச்சா?"

"பாலத்தையே தாங்கும்."

"சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு மேக்சின் பஸ்ஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜெனரேட்டர் நின்றது.

கர்டிஸ் குவளையை வைத்துவிட்டு ஓடினான். ஒயரை முறுக்கினான். கதவை அறைந்தான். அமுக்கினான். வரவில்லை. இன்னும் பலமாக அறைந்தான். வரவில்லை. மெல்வின் கார்புரேட்டர் என்றார், தாடிக்காரர் பிளக்கு என்றார். நாயை இழந்தவர் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார். ஒன்றும் பலிக்கவில்லை. இஸ்திரிச் சட்டையில் இரண்டு கறுப்புக் கைத்தடம் விழுந்துவிட்டது.

ஜன்னலில் மேக்சினின் தலை தெரிந்தது. "ஒயரைத் தொடாதே. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. வெர்னன், இப்போ நீ அமுக்கு."

நான் அமுக்கினேன். ஓடியது. மெத்தை விற்றவன் கையால் ஓடியது.

"இப்போ எல்லாரும் உள்ள வாங்க. கொலைகாரனைக் காட்டறேன்" என்றாள் மேக்சின்.

*

கட்டிலைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். தலைமாட்டுப் பலகையில், அலமாரிக்கு அடியில், மின்கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஒரு உயரமான பாத்திரம் உட்கார்ந்திருந்தது. தகர மூடி. மூடி நடுவில் ஒரு குமிழ்.

"இது என்ன டொரீன்?" என்றாள் மேக்சின்.

"ரொட்டி மாவு. பெர்ட் வெச்சுட்டுப் போன புளிச்ச மாவு, தினமும் கொஞ்சம் மிச்சம் வெச்சு வளர்த்துக்கிட்டு வர்றேன், அதுலேர்ந்து எடுத்துப் பிசைஞ்சது. வழக்கமா ஓட்டுநர் சீட்டுல வெயில்ல வெப்பேன். கர்டிஸ் வர்றானேன்னு அந்த இடத்தைச் சுத்தம் பண்ணேன். இங்க வெயில் வராது, அதான் ஜெனரேட்டர் ஓடறப்போ கம்பளியைச் சூடு பண்ணிச் சுத்தி வெக்கறேன்..."

மேக்சின் மூடியை இரண்டு விரலால் மெதுவாக மேலே தூக்கினாள், மாவு பொங்கினால் தூக்குவது போல. குமிழ் உயர்ந்தது. உயர்ந்து, நேராக மேலே இருந்த சுவிட்சின் வயிற்றில் குத்தியது.

ஜெனரேட்டர் நின்றது.

பாத்திரத்துக்குள் மாவு சப்பையாகக் கிடந்தது, உலகத்தில் எதுவும் தெரியாத முகத்தோடு.

"ஜெனரேட்டர் ஓடினா கம்பளி சுடும். கம்பளி சுட்டா மாவு பொங்கும். பொங்கினா மூடியைத் தூக்கி சுவிட்சை அமுக்கும். விடாம அமுக்கிக்கிட்டே இருக்கும், அதான் நீங்க என்ன பண்ணாலும் வராது. அப்புறம் நீங்க அந்தத் தகரக் கதவை ஓங்கி அறைவீங்க. அது இந்தக் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கு. பஸ் குலுங்கும். பொங்கின மாவு காத்துப் போய்ப் பொத்துனு அமுங்கிடும், ரொட்டி கல்லாகும், சுவிட்ச் விடுபடும், ஓடும். இப்போ மாவுக்குப் பதிலா நான் விரலால அமுக்கிப் பிடிச்சிருந்தேன், அதான் எவ்வளவு அறைஞ்சும் வரலை. கார்புரேட்டரும் இல்லை, பிளக்கும் இல்லை. நீங்க அத்தனை பேரும் ரிப்பேர் பண்ணது ரொட்டியைத்தான்."

"நாய்?" என்றார் நான்காமவர்.

"நாயும் இல்லை. மன்னிச்சுக்கோங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றான் கர்டிஸ்.

"வெர்னன் பல்லு சொல்லுச்சு, சுவிட்சுல காஞ்சு ஒட்டியிருந்த மாவும் சொல்லுச்சு. ஜெனரேட்டர் நின்ன அன்னிக்கே ரொட்டியும் கல்லாச்சு. ஒரே பஸ்ல, ஒரே நாள்ல, ரெண்டு சாவு. கொலைகாரன் ஒருத்தனாத்தானே இருக்கணும்?"

கர்டிஸ் தன் கறுப்புக் கைகளைப் பார்த்தான். பிறகு லூஸ் ஒயர் இருந்த திசையைப் பார்த்தான். காது சிவந்தது.

டொரீன் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் குமிழை ஒரு விரலால் தொட்டாள். "இவர் விரல் மாதிரியே..." என்று ஆரம்பித்தாள், சிரிக்க ஆரம்பித்தாள், பூப்போட்ட சட்டை குலுங்கச் சிரித்தாள், சிரிப்பிலேயே கண்ணில் தண்ணீர் கொட்டியது. "பாருடா கர்டிஸ். உங்கப்பா மாவு. செத்தும் அந்த மனுஷனுக்கு இந்த இரைச்சல் ஆகலை பாரு."

கர்டிஸ் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கும் வாய் கோணியது. "சாப்பிட்டதும் படுத்துக்கிட்டு விரலை மட்டும் தூக்குவார்" என்றான்.

"போதும்டி இந்த இரைச்சல்னு சொல்லுவார்."

"சின்ன வயசுல என்னையும் அதே விரலாலதான் நிறுத்துவார்."

பெரிய ஆட்கள் ஏழெட்டுப் பேர் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு கூரையைப் பார்த்தோம். டொரீன் மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள். குரல் பழையபடி ஆகிவிட்டது.

"ஆமா கர்டிஸ், ஒரு குறை கண்டுபிடி, கிளம்பறேன்னு சொன்னேன். கண்டுபிடிச்சுட்டே. லூஸ் ஒயர்."

"அம்மா..."

"மாவு பொங்கினதுகூடத் தெரியாம ஒரு வாரம் இருந்தேன், ஒத்துக்கறேன். நீ வந்த அன்னிக்கே இல்லாத வியாதிக்கு வைத்தியம் பண்ணிட்டுக் குவளை வாங்கிக்கிட்டே. அதனால அந்த இல்லத்துல ஒரு ரூம் போதாது. ரெண்டு ரூமா எடுத்துடு. உன்னைத் தனியா விட எனக்குப் பயமா இருக்கு."

முதலில் சிரித்தது ஹார்லன். அவர் சிரித்து யாரும் கேட்டதில்லை. துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது.

கர்டிஸ் வெளியே போனான். ஃபோனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டே, "அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்லைங்க, அம்மாவுக்கு வேலை இருக்கு" என்று சொல்லுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. திரும்பி வந்து மெல்வினிடம் ஸ்குரூடிரைவர் வாங்கி, மூடியின் குமிழைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். அந்த ஒரு வாரத்தில் அந்தப் பஸ்ஸில் நடந்த ஒரே உருப்படியான ரிப்பேர் அதுதான்.

ஜெனரேட்டர் மறுபடி ஓடியது. வட்டம் மறுபடி கூடியது. இந்த முறை கர்டிஸுக்கும் ஒரு நாற்காலி. டொரீன் இறைச்சியைப் பார்க்கிறேன் என்று பஸ்ஸுக்குள் போனாள். ஹார்லன் மேக்சின் பக்கம் சாய்ந்து, தினமும் இரைச்சலை நிறுத்திய அந்தக் குமிழை டொரீனிடம் வாங்கித் தந்தால், ஏப்ரலில் எல்லாரும் ஊர் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருப்பேன் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. நான் பல்லின் தொப்பியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொசுக்கென்று ஜெனரேட்டர் நின்றது.

சங்கம் குவளையோடு துள்ளி எழுந்தது. மெல்வின் ஸ்குரூடிரைவரை உருவினார். கர்டிஸ் நாற்காலியைத் தட்டிவிட்டுக்கொண்டு இரண்டடி ஓடினான். மேக்சின்கூட எழுந்துவிட்டாள்.

பஸ் ஜன்னல் திறந்தது.

"உக்காருங்கப்பா!" என்றாள் டொரீன். "இறைச்சி வெந்துடுச்சு, பேட்டரி ஏறிடுச்சு. இது என் விரல்தான்."